மூன்று கோஷ்டியும் ஒரு பன்னிரண்டாம் தேதியும்

ஒரே சமயத்தில் மூன்று வாத்தியக் கோஷ்டிகளுக்கு வயலின் வாசிக்கிறவனுக்குச் சங்கீத ஞானம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. பஞ்சாங்க ஞானம் இருந்தே ஆக வேண்டும். எனக்கு முதலாவது அரைகுறை, இரண்டாவது சுத்தமாகக் கிடையாது. இதை நான் வாய்விட்டு ஒப்புக்கொள்வதற்கு ஒரு கொட்டகை நிறைய ஜனமும், ஒரு தேயிலை லாரியும், கோமதியும் தேவைப்பட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திரு-கொச்சி ஆகியிருந்த காலம். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தேன். நான் திருவனந்தபுரத்தில் 'வாசித்துக்கொண்டிருக்கிறேன்' என்பது திருநெல்வேலியில் இருந்த என் வீட்டாருக்குத் தெரியும். (பரீட்சைக்கு வாசிக்கிறேன் என்று அப்பா இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை.)

என் மூன்று எஜமானர்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாமவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. தமிழ் நாடகக் கம்பெனி ஒன்றின் ஹார்மோனியக்காரர், ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைவர். எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், வலியசாலையில் குடியிருந்தார். இரண்டாமவர் பாஸ்கரன் ஸார். மலையாளத்தில் நிருத்த நாடகம் (நாட்டிய நாடகம்தான்) நடத்தும் கோஷ்டி அவருடையது. வாசகசாலை ஆண்டு விழா, கோயில் உற்சவம் என்று ஊர் ஊராகப் போவார்கள். மூன்றாமவர் சேவியர் மாஸ்டர். கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் பாண்டு கோஷ்டி. அங்கே எல்லாம் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், கண்ணை மூடி ரசித்தால் திட்டு விழும்.

மூன்று பேரிடமும் நான் நிரந்தர ஆள் இல்லை. கூப்பிட்டால் போகிறவன். ஆனால் மூன்று பேரும் கூப்பிட்டார்களே! அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காலையில் கோட்டும் கழுத்தில் குட்டி டையும் கட்டிக்கொண்டு மாஸ்டருக்கு வாசிப்பேன். சாயங்காலம் நேரியது என்கிற ஜரிகை மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாஸ்கரன் ஸாருக்கு வாசிப்பேன். மறுநாள் வெள்ளை ஜிப்பாவில் அண்ணாச்சிக்கு வாசிப்பேன். பஸ்ஸிலேயே உடை மாற்றும் வித்தையில் எனக்கு நிகராக அந்த நகரத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு முறை ஜிப்பாவுக்கு மேலே டையோடு நாடகக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டேன். "என்னலே, கழுத்துல வௌவால் ஒட்டிக்கிட்டு இருக்கு?" என்றார் அண்ணாச்சி. அப்போதுகூட எனக்கு வெட்கம் வரவில்லை. மூன்று கோஷ்டிகளுக்கு வேண்டியவன் என்று ஊருக்குத் தெரியட்டுமே என்று டையைக் கழற்றாமலே வாசித்தேன்.

இதில் ஒரே சிக்கல், மூன்று பேரும் மூன்று விதமாகத் தேதி சொல்வார்கள். மாஸ்டருக்கு இங்கிலீஷ் தேதி. ஸாருக்கு மலையாள மாதம். அண்ணாச்சிக்குத் தமிழ் மாதம், அதை விட்டால் உலகத்தில் வேறு மாதம் உண்டு என்றே அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இந்தச் சிக்கலுக்காக நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் பக்கத்தில் சிவப்பு மசியில் என் கண்டுபிடிப்பை எழுதினேன்: 'சித்திரை என்றால் மேடம். வைகாசி என்றால் இடவம். ஆனி என்றால் மிதுனம்.' இப்படிப் பன்னிரண்டும். (மேடம் என்றதும் யாரோ அம்மணி என்று நினைக்க வேண்டாம், அது மலையாள மாதத்தின் பெயர்.) பிள்ளை ஒன்றுதான், தமிழ் வீட்டில் ஒரு பெயர், மலையாள வீட்டில் ஒரு பெயர். அவ்வளவுதானே? என் அறைச் சுவரில் ஒரு மளிகைக் கடைக்காரர் கொடுத்த மலையாளக் காலண்டர் தொங்கியது. அதில் இங்கிலீஷ் தேதியும் உண்டு. அதைப் பார்த்தால் மூன்று உலகமும் என் கையில்.

"என் நோட்டு இருக்கிறவரை தேதி தப்பாது" என்று மூன்று கோஷ்டிகளிலும் பீற்றிக்கொண்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் கோமதி. ஆவுடையப்பன் அண்ணாச்சியின் ஒரே மகள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. சும்மா ஆசை இல்லை, அவள் பாட்டைக் கேட்ட அன்றிலிருந்து சோறு இறங்காத ஆசை. ஊரே அண்ணாச்சி என்று அழைக்கிற மனிதரை நான் மட்டும் மனசுக்குள் 'மாமா' என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை வாய் தவறி வெளியே வந்துவிட்டது. "யாருக்குலே மாமா?" என்று கேட்டார். மாமரம் என்று சொல்ல வந்ததாகச் சமாளித்தேன்.

அந்த வருஷம் கம்பெனியில் புது நாடகம். ராஜகுமாரி வேஷம் கட்டுகிற பையனுக்குத் திடீரென்று குரல் உடைந்துவிட்டது. முகம் ரதி மாதிரி, வாயைத் திறந்தால் தகரக் கொட்டகை மேல் கல் விழுந்த மாதிரி. ஆகவே அவன் மேடையில் வாயசைப்பது, படுதாவுக்குப் பின்னால் நின்று கோமதி பாடுவது என்று ஏற்பாடு. அவளுக்கு அதுதான் முதல் மேடை. வீட்டில் குயில், வெளியாள் இரண்டு பேரைக் கண்டால் தொண்டை அடைத்துப்போகும். ஒத்திகையில் நான் முதலில் வயலினில் நாலு வரி வாசித்து, அவள் எடுக்க வேண்டிய சுருதியில் நிறுத்தினால், அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவாள். நான் வாசிக்காவிட்டால் வாயே திறக்க மாட்டாள். ஹார்மோனியத்தை அண்ணாச்சி அழுத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. "அந்தப் பிடில் கேட்டாத்தான் எனக்குத் தைரியமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டாள். இதை அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றைக்கு வலியசாலையிலிருந்து கிழக்கேகோட்டை வரை நடந்து வந்தேனா பறந்து வந்தேனா தெரியாது.

அண்ணாச்சிக்கும் என் எண்ணம் புரியாமல் இல்லை. கடைசி ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லே ஆறுமுகம், ஒன் மனசுல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும். புள்ளைக்கு இது முதல் மேடை. இதுல அவ தல குனிஞ்சுட்டா பொறவு ஆயுசுக்கும் பாட மாட்டா. பன்னெண்டாம் தேதி நீ பக்கத்துல இருந்து அவளைக் கரையேத்திரு. பொறவு நாம இருந்து பேசலாம். என்ன?"

"அஞ்சு மணிக்கே வந்து உட்கார்ந்துடுவேன் மா... அண்ணாச்சி."

நோட்டில் எழுதினேன்: சித்திரை 12, நாடகம். அதற்கு முந்தைய வரியில் ஏற்கெனவே இருந்தது: மேடம் 11, கல்லாறு, பாஸ்கரன் ஸார். ஆஹா! பதினொன்றாம் தேதி கல்லாற்றில் வாசித்துவிட்டு, பன்னிரண்டாம் தேதி காலையில் திரும்பி, குளித்து, ஜிப்பாவுக்குச் சோப்புப் போட்டு, கோமதியின் வாழ்க்கையைக் கரையேற்றிவிடலாம். என்ன அழகான ஏற்பாடு!

என் மடத்தனத்தின் ஆழம் தெரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாதம் பிறந்த அன்று அண்ணாச்சி வீட்டில் எனக்கு வருஷப் பிறப்புச் சாப்பாடு. வேப்பம்பூப் பச்சடி, வடை, பருப்புப் பாயசம், கோமதி பரிமாறினாள். மறுநாள் பாஸ்கரன் ஸார் வீட்டில் விஷு சத்யை, அதாவது விருந்து. சக்கைப் பிரதமன் என்கிற பலாப்பழப் பாயசம், மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். இரண்டு நாளும் இலையில் உட்கார்ந்து ஏப்பம் விட்டேனே தவிர, இரண்டு வீட்டிலும் வருஷம் ஏன் இரண்டு நாளில் பிறக்கிறது என்று ஒரு கேள்வி என் மண்டைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பாயசம் வந்த இடத்தில் கேள்வி எதற்கு?

மேடம் பதினொன்று வந்தது. காலையில் ஸாரின் கோஷ்டியோடு வாடகை பஸ்ஸில் கல்லாற்றுக்குக் கிளம்பினோம். நெடுமங்காடு தாண்டி விதுரை தாண்டிப் பொன்முடி மலைக்கு அடியில் போய் இறங்கினால் ஆற்றுச் சத்தமும் குளிர்ந்த காற்றும் ஆளைத் தூக்கின. ஆற்றங்கரையை ஒட்டி மேடை போட்டிருந்தார்கள். ஸாருக்குக் கனத்த குரல், ஒரு கட்டை சுருதிக்கு மேல் பாட மாட்டார். (கட்டை என்பது பாடுகிறவருடைய சுருதி அளவு. ஆண் குரலுக்குக் கீழே, பெண் குரலுக்கு மேலே. கோமதிக்கு ஐந்து கட்டை.) ஆகவே என் வயலினை ஒரு கட்டைக்கு இறக்கிக் கட்டினேன். நிகழ்ச்சி ஆறரை மணிக்கு. மூன்று மணி சுமாருக்கு, டீ குடிக்கலாம் என்று பக்கத்துக் கடைக்குப் போனேன்.

மேலே எஸ்டேட்டில் வேலை செய்கிற நம் ஆட்களுக்காகத் தென்காசிக்காரர் ஒருவர் நடத்திய கடை அது. தமிழ்க் குரல் கேட்ட உற்சாகத்தில் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் தினமும் ஒரு தாள் கிழிக்கிற தமிழ்க் காலண்டர். அதில் பெரிய எழுத்தில் சித்திரை 12.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணாச்சி, அவசரத்துல இன்னைக்குத் தாளையும் கிழிச்சுட்டீங்க போலிருக்கே!" என்றேன் கடைக்காரரிடம்.

"நான் எதுக்குவே கிழிக்கேன்? இன்னைக்குப் பன்னெண்டுதான்."

"இல்லை, பதினொண்ணு. மேடம் பதினொண்ணு."

"மேடம் பதினொண்ணுதான், ஆரு இல்லேன்னா? அது அவியளுக்கு. இந்த வருசம் அவியளுக்கு மாசம் ஒரு நாள் பிந்திப் பொறந்திச்சுல்லா? நமக்கு வருசப் பொறப்பு முடிஞ்ச மறுநாள்தானவே விஷு வந்துது? நீரு எந்த லோகத்துல இருக்கீரு?"

வருஷப் பிறப்பு. மறுநாள் விஷு. பருப்புப் பாயசம். மறுநாள் சக்கைப் பிரதமன். அன்று வராத கேள்வி பத்து நாள் கழித்து என் மண்டைக்குள் எட்டிப் பார்த்தது. மேடம் பதினொன்றும் சித்திரை பன்னிரண்டும் ஒரே நாள்! இன்றைக்குத்தான் நாடகம்! ஆறரைக்குப் படுதா தூக்குவார்கள். இரண்டாவது காட்சியில் கோமதி பாட வேண்டும். நான் வாசிக்காவிட்டால் அவள் வாய் திறக்க மாட்டாள். நான் முப்பது மைலுக்கு இந்தப் பக்கம் மலையடிவாரத்தில் டீக் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

டீயை மேலே கொட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். பாஸ்கரன் ஸார் நாற்காலியில் சாய்ந்து, ஆட்டக்காரிகளுக்கு ஜதி சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்து, "எந்து பற்றியெடோ?" என்றார், என்ன ஆயிற்று என்று.

எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு அத்தனையும் ஆவியாகிவிட்டது. "ஸார், சித்திரை... மேடம்... பாயசம்..." என்று உளறினேன். அப்புறம் ஒரு வழியாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"தான் இப்போள் போயால் வயலின் ஆரு வாயிக்கும்? என்றெ தலையோ?"

நியாயமான கேள்வி. இவரையும் நடுத்தெருவில் விடுகிறேன். அழுகை வரும் போலிருந்தது. "ஸார், நான் போகலைன்னா அந்தப் பெண் பாடாது. முதல் மேடை ஸார். அப்புறம் ஜென்மத்துக்கும் பாடாது."

ஸார் என்னை உற்றுப் பார்த்தார். "பெண்குட்டியாணோ?"

"அதெ ஸார்."

"ப்ரேமமாணோ?"

ஆட்டக்காரிகள் ஆறு பேரும் ஆடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அதெ ஸார்" என்றேன், கோமதியிடம்கூட இன்னும் சொல்லாததை.

ஸார் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "எந்நால் பின்னே இவிடெ நிந்நு கதை பறயாதெ ஓடெடோ!" என்று ஒரு கர்ஜனை. புல்லாங்குழல்காரரைக் கூப்பிட்டு, என் பகுதியையும் நீயே ஊதிவிடு என்றார். ஆறு பெண்களும் கை தட்டினார்கள். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

பஸ் இல்லை. ஆனால் தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்து கடை முன்னால் நின்றது. டிரைவர் காலில் விழாத குறை. வயலின் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு பின்னால் பெட்டிகளின் மேலே ஏறிக்கொண்டேன். லாரி கிளம்பியது. கிளம்பியது என்று சொன்னேனே தவிர, அது ஓடியது என்று சொல்ல எனக்கு மனசில்லை. விதுரையில் டிரைவர் தெரிந்தவரைப் பார்த்துவிட்டார், குசலம் விசாரித்தார். அப்புறம் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு பலாப்பழம் வாங்கினார். அதை ஏற்றுவதற்காக என்னை நகர்ந்து உட்காரச் சொன்னார். நான் பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு, "சேட்டா, ஒந்நு வேகம்!" என்று கத்தினேன். "வேகம் போயால் சாயப்பொடி முழுவன் ரோட்டில் போகும்" என்று சாவகாசமாகப் பதில் வந்தது. (சாயப்பொடி என்றால் தேயிலைத் தூள்.)

நெடுமங்காட்டில் வெயில் சாய்ந்துவிட்டது. பயம், அவமானம் எல்லாம் போய் ஒரு கட்டத்தில் எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. தேயிலைப் பெட்டிகளின் மேல் எழுந்து நின்று, லாரியை என் கையால் தள்ளுவது போல 'ஓடு, ஓடு' என்று கூவிக்கொண்டே வந்தேன். வழியில் நின்றவர்கள் ஏதோ தேர்தல் பிரசாரம் என்று நினைத்துப் பதிலுக்குக் கை ஆட்டினார்கள்.

கிழக்கேகோட்டையில் குதித்தபோது மணி ஏழு. கொட்டகைக்கு ஓடினேன். தலையெல்லாம் தேயிலைத் தூள், சட்டையெல்லாம் பலாப் பிசின். முதல் காட்சி முடிந்து, காட்டுப் படுதா தூக்கிவிட்டார்கள். ராஜகுமாரி வேஷக்காரன் நடு மேடையில் கன்னத்தில் கை வைத்து நிற்கிறான். நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். பாட்டு வரவில்லை. ஜனங்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். பக்கவாட்டில் ஆர்க்கெஸ்ட்ரா இருந்த இடத்தில் அண்ணாச்சி முகத்தில் ரத்தமில்லை. நான் தவழ்ந்து போய் என் இடத்தில் விழுந்ததைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. "வாசிலே!" என்றார், உதடு மட்டும் அசைந்தது.

வந்துவிட்டேன்! சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன்! உலகத்தையே காப்பாற்றிய களிப்பில் பெட்டியைத் திறந்தேன், வயலினைத் தோளில் வைத்தேன், வில்லை இழுத்தேன். நாலு வரி, உருக்கமாக, கணீரென்று. படுதாவுக்குப் பின்னால் கோமதி மூச்சை இழுப்பதுகூட எனக்குக் கேட்டது.

நான் சுருதி மாற்ற மறந்துவிட்டேன். வயலின் இன்னும் பாஸ்கரன் ஸாரின் ஒரு கட்டையில்தான் இருந்தது.

பாவம் கோமதி. என்னை நம்பி, நான் விட்ட இடத்தில் அப்படியே பிடித்தாள். 'தனியே வந்தேன் தோழி' என்று குயில் மாதிரி எழ வேண்டிய பாட்டு, கிணற்றுக்குள் வாளி விழுந்த மாதிரி அடியில் இறங்கியது. இரண்டாவது வரி அதைவிடக் கீழே போக வேண்டிய வரி. அங்கே குரலே இல்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி தன் பங்குக்கு ஐந்து கட்டையில் ஹார்மோனியத்தை அழுத்தினார். மிருதங்கக்காரர் ஹார்மோனியம் பக்கம் சேர்ந்துகொண்டார். மேடையில் ராஜகுமாரி எதுவும் தெரியாமல் இடுப்பை ஒடித்துக் கையை நீட்டிக் கண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"ராஜகுமாரிக்கு ஜலதோஷம் டோய்!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல். கொட்டகை வெடித்தது. கூவல் என்றால் அப்படி ஒரு கூவல். தமிழில் கொஞ்சம் பேர், மலையாளத்தில் மிச்சப் பேர்.

கோமதி நிறுத்திவிட்டாள். நான் வில்லைக் கீழே இறக்கினேன். கரையேற்று என்று கொடுத்த பெண்ணை நடு ஆற்றில் என் கையாலேயே அமுக்கிவிட்டேன். வராமலே இருந்திருக்கலாமே, வயலின் வரவில்லை என்று ஏதாவது சமாளித்திருப்பார்களே, லாரி இன்னும் ஒரு பலாப்பழத்துக்கு நின்றிருக்கலாமே என்று நினைத்தேன். அவள் இனி ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டாள்.

அப்போது படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன 'ம்...' கேட்டது. தனக்குத் தானே ஒரு முறை முனகிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, எந்த வாத்தியமும் இல்லாமல், அவளுடைய ஐந்து கட்டையில், 'தனியே வந்தேன் தோழி' என்று முதலிலிருந்து எடுத்தாள். அண்ணாச்சி ஹார்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். மிருதங்கக்காரர் தொடவே இல்லை. அந்த வரி மேலே போகப் போகக் கூவல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. இரண்டாவது வரியில் கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. நான் வயலினை மடியில் குப்புறப் போட்டுவிட்டு, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் அதே தரை டிக்கெட்டுக் குரல் "ஒன்ஸ் மோர்!" என்றது. ராஜகுமாரி இன்னொரு தடவை இடுப்பை ஒடித்தான், அவள் இன்னொரு தடவை பாடினாள். அப்போதும் நான் வாசிக்கவில்லை. வாசிக்க யாரும் சொல்லவும் இல்லை.

நாடகம் முடிந்ததும் படுதாவுக்குப் பின்னால் விசாரணை. அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"லே, பன்னெண்டாம் தேதி, பன்னெண்டாம் தேதின்னு எத்தன மட்டம் சொன்னேன்? அஞ்சு மணிக்கே வாறேன்னியே. மேலெல்லாம் என்னலே ஒட்டியிருக்கு? ஈ மொய்க்கி!"

நான் நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்துச் சிவப்பு மசியைக் காட்டினேன். மேடம், சித்திரை, ஒரு நாள் வித்தியாசம், இங்கிலீஷ் தேதி, விஷு, இரண்டு பாயசம் எல்லாவற்றையும் விளக்கினேன். தப்பு என்மேல் இல்லை, வானத்தில் சூரியன் ராசி மாறுகிற நேரத்தின்மேல்தான் என்று நிரூபிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். வேஷம் கலைத்துக்கொண்டிருந்த நடிகர்களெல்லாம் வந்து கூடிவிட்டார்கள். அண்ணாச்சிக்கே கொஞ்சம் குழம்பி, "அப்பிடியா சங்கதி?" என்று தலையைச் சொறிந்தார்.

கோமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நோட்டை என் கையிலிருந்து வாங்கி, ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள்.

"மாசம் மூணு பேருக்கும் வேற வேறதான். கிழமை மூணு பேருக்கும் ஒண்ணுதானே? சனிக்கிழமைன்னு எழுதியிருந்தா போதும்லா?"

இரண்டு வருஷமாக அந்த நோட்டில் நான் ஒரு கிழமைகூட எழுதியிருக்கவில்லை. நாடக நோட்டீஸில் 'சனிக்கிழமை' என்று சாண் உயரத்துக்கு அச்சடித்துக் கிழக்கேகோட்டை முழுக்க ஒட்டியிருந்தார்கள். என் அறை வாசலிலேயே ஒன்று. நாற்பது தடவை படித்திருப்பேன். அடியில் பொடி எழுத்தில் 'வயலின்: ஆறுமுகம்' என்றிருந்த வரியை மட்டும்.

ராஜகுமாரிதான் முதலில் சிரித்தான், அந்த உடைந்த குரலில். அப்புறம் எல்லாரும்.

மறுநாள், அதாவது ஞாயிற்றுக்கிழமை (பாருங்கள், கற்றுக்கொண்டுவிட்டேன்), வலியசாலைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அண்ணாச்சி கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"புள்ள கரையேறிட்டா. ஆனா ஒன்னால இல்ல."

"ஆமா அண்ணாச்சி."

"பின்னே, பேசறதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை அண்ணாச்சி" என்று எழுந்தேன். அப்போது உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது. நேற்றுவரை இரண்டு பேர் முன்னால் வாய் திறக்காத பெண், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அந்தப் பிடில் இல்லேன்னா பாட முடியாதுன்னு நான் நெனச்சது பொய்யாப் போச்சு. அதுக்கு இவியதான காரணம்? லாரில ஏறி வந்து தப்பா வாசிக்க வேற யாருக்குப்பா தோணும்? இவியளையே மாப்பிள்ளையாப் பாருங்க. நாளும் கிழமையும் நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் என்னலே அண்ணாச்சி? மாமான்னு கூப்பிடு" என்றார். அன்று நான் தெருவில் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்றது எனக்கு அறைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஆவணியில் கல்யாணம். மூன்று கோஷ்டிகளையும் நானே நேரில் போய் அழைத்தேன். மாதக் கணக்கே வேண்டாம் என்று தீர்மானமாக இருந்தேன். பட்ட பாடு போதாதா? "வியாழக்கிழமை, காலை ஏழரை மணி, வலியசாலை" என்று மூன்று பேரிடமும் திருத்தமாகச் சொன்னேன். இந்தத் தடவை தேதி தப்பவே தப்பாது என்று ஒரே பெருமிதம்.

கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, சேவியர் மாஸ்டரின் பாண்டு கோஷ்டி கோட்டும் டையுமாக வலியசாலைத் தெருவில் வந்து நின்றது. வீட்டில் பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை. அதெல்லாம் பெண் வீட்டார் சமாசாரம் என்று மாஸ்டர் கவலைப்படவில்லை. கையை உயர்த்தினார், கல்யாண அணிவகுப்பை முழங்கிவிட்டார்கள். கோமதி எண்ணெய் தேய்த்துக்கொண்டு தலை முழுகப் போன பெண், சீயக்காய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடி வந்தாள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. அவள் உள்ளே ஓடியிருக்கலாம். ஓடவில்லையாம், வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை சிரித்தாளாம். வாசித்து முடித்தவர்களுக்கு இட்லியும் காப்பியும் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வியாழக்கிழமை கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பாஸ்கரன் ஸார் ஆறு ஆட்டக்காரிகளோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். பாண்டு மட்டும் வரவில்லை. "ஆறுமுகம், நாங்கள் போன வாரமே வாசிச்சில்லே?" என்றார் மாஸ்டர், மறுநாள் போய்க் கேட்டபோது.

நான் என்ன சொன்னாலும் கோமதி ஒத்துக்கொள்வதில்லை. தாலி கட்டியதை அவள் கல்யாண நாளாகச் சேர்ப்பதில்லை. பாண்டு வந்து வாசித்த வியாழன்தான் அவளுக்குக் கல்யாண நாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவள் கட்சி. நான் தாலி கட்டிய தேதியை நினைவில் வைத்து, மறக்காமல் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போவேன். வாசலிலேயே அத்தனை பேரும் சேர்ந்து, "தாத்தா, போன வாரம்!" என்று கத்துவார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள்.